ஏற்றுமதிக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதியா?

நமது தேசத்து மருந்துத் தொழில் அண்மையில் அடைந்துள்ள அபிவிருத்தியைக் கண்டு மகிழாத தேசாபிமானி இருக்க முடியாது. 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 'நெக்ஸ்கார்19' என்ற சிகிச்சைக்கு மத்திய சர்க்காரின் அனுமதி கிடைத்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவாகி, டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் பரீட்சிக்கப்பட்ட சிகிச்சை அது. நோயாளியின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை வெளியே எடுத்து, இரத்தப் புற்றின் அணுக்களை அடையாளங்கண்டு தாக்கும்படி அவற்றைத் திருத்தியமைத்து, மறுபடியும் அவனுடைய உடலிலேயே செலுத்துகிறார்கள். அந்நிய தேசங்களில் மூன்று நான்கு கோடி ரூபாய் பிடிக்கும் இவ்வைத்தியம் இங்கே முப்பது நாற்பது லட்சத்தில் முடிகிறது. ஏழைக்கு இதுவும் எட்டாத தொகையே. எனினும் செலவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தவர்கள் நம்மவர்கள். அதற்கு முந்திய வருஷத்தில் புனா நகரத்துக் கம்பெனியொன்று, எம்.ஆர்.என்.ஏ. என்னும் புதிய முறையிலான தடுப்பு மருந்தை, கடுங்குளிர்ப் பெட்டியின் உதவியின்றிச் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலேயே வைக்கும்படி செய்து காட்டிற்று. 2024-25-ஆம் நிதி வருஷத்தில் இந்தியா ஏற்றுமதி செய்த மருந்தின் மதிப்பு 3,000 கோடி டாலருக்கு மேல். 1901-ல் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் 'பெங்கால் கெமிக்கல்ஸ்' கம்பெனியை ஸ்தாபித்த நாளில், மருந்துக்குப் பெரும்பாலும் சீமைக் கப்பலையே எதிர்பார்த்திருந்த நாடு இது.

இவ்வளவும் மெய். இவ்வளவுக்கும் நடுவே, பொதட்டூர்பேட்டையில் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்பக்கூடிய சுங்குவார்சத்திரத்தில், 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு மருந்து தயாராயிற்று. அதன் பெயர் 'கோல்ட்ரிஃப்'. ஜலதோஷத்திற்கும் இருமலுக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இனிப்புப் பாகு. ஸ்ரீசன் என்னும் சிறு கம்பெனி அதைத் தயாரித்தது. ஒரே தடவையாகக் கலந்து இறக்கும் அளவைத் தொழிலார் பேட்ச் என்பார்கள்; நம் வீட்டுப் பெண்கள் இட்லிக்குச் சொல்வதைப் போல நாம் ஈடு என்போம். எஸ்.ஆர்.-13 என்று எண்ணிட்ட ஓர் ஈடு, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா ஜில்லாவைச் சென்றடைந்தது. அங்கே பராசியா முதலிய ஊர்களில், சாதாரணக் காய்ச்சலும் இருமலுமாக வந்த குழந்தைகளுக்கு நீர் பிரிவது நின்றது. சிறுநீரகங்கள் செயலற்றன. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. அவற்றிற் பெரும்பாலானவை ஐந்து வயதுகூட நிரம்பாதவை.

அக்டோபர் முதல் தேதி அந்த ராஜ்யத்திலிருந்து நமது ராஜ்யத்திற்குத் தகவல் வந்தது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் உடனே தொழிற்சாலைக்குச் சென்று மாதிரி எடுத்தனர். விடுமுறை நாளென்றும் பாராமல் சர்க்கார் பரிசோதனைச் சாலை வேலை செய்தது. ஓரிரு நாளில் முடிவு தெரிந்துவிட்டது. டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு, நூற்றுக்கு 48.6 பங்கு! இது 0.1 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. அதாவது, குழந்தையின் வாயில் ஊற்றிய ஒவ்வொரு கரண்டியிலும் ஏறக்குறையப் பாதி நஞ்சு.

பிறகு நடந்தவை நேயர்கள் அறிந்தவையே. விற்பனை தடுக்கப்பட்டது. உரிமையாளர் கைதானார், மருந்தை எழுதிக் கொடுத்த வைத்தியரும் கைதானார். தொழிற்சாலையில் முந்நூறுக்கு மேற்பட்ட குறைகள் கண்டறியப்பட்டன. கடமையில் தவறியதாக மருந்து ஆய்வாளர் இருவர் தற்காலிகமாக நீக்கப்பட்டனர். 2011-ல் கொடுத்த லைசென்ஸ், 2025 அக்டோபர் 13-ஆம் தேதி ரத்தாயிற்று.

நம் மனத்தை உறுத்துவது அந்த 'ஓரிரு நாள்' என்னும் கால அளவுதான். குழந்தைகள் இறந்தபின் ஓரிரு நாளில் செய்ய முடிந்த சோதனை, மே மாதத்தில், மருந்து புட்டியில் அடைபடுவதற்கு முன், ஏன் நடைபெறவில்லை? இயலாத காரியமா? யந்திரம் இல்லையா? சாஸ்திரம் போதவில்லையா? ஒன்றுமில்லை. சோதிக்கும்படி யாரும் அங்கே வாசலில் நிற்கவில்லை, அவ்வளவே.

விஷயத்தைச் சற்று விளக்குவது அவசியம். காய்ச்சலைத் தணிக்கும் பாரஸிட்டமால் வெறுந் தண்ணீரில் எளிதிற் கரைவதில்லை. அதைக் கரைக்க ப்ரொபிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களை உபயோகிக்கிறார்கள். மருந்துக்கென்று சுத்தி செய்யப்பட்டவை தீங்கற்றவை. ஆனால் இதே திரவங்கள் வேறு தொழில்களுக்காக மட்டரகத்திலும் விற்கின்றன. அவற்றின் விலை குறைவு. டைஎதிலீன் கிளைக்கால் அவற்றுக்குக் கூடப்பிறந்ததைப் போலிருக்கும். நிறமில்லை, வாசனையில்லை, குழகுழப்பும் இனிப்பும் அப்படியே உண்டு. மோட்டார் வண்டியின் பிரேக் திரவத்திலும், அச்சு மையிலும், சாய வேலையிலும் அதற்குத் தக்க உபயோகம் இருக்கிறது. மனித வயிற்றில் மாத்திரம் அதற்கு இடமில்லை. பீப்பாயில் ஒட்டிய சீட்டைத் தவிர இரண்டையும் வேறுபடுத்திக் காட்டக் கண்ணாலும் நாக்காலும் ஆகாது. சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலையில் மருந்துத் தரமல்லாத ப்ரொபிலீன் கிளைக்கால் வாங்கப்பட்டிருந்ததாக ஆய்வில் வெளிவந்தது.

இது புதிய விபத்தன்று. நமது பேட்டையில் சாயத்தை அறியாத வீடில்லையாதலால், இதன் பூர்வ சரித்திரத்தை இங்கே சொல்லலாம். ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்பவர், துணிக்கேற்றும் சாய வகையைச் சேர்ந்த ஒரு சிவப்புப் பொருள் உடலிலுள்ள கிருமிகளை அழிப்பதைக் கண்டு 1935-ல் வெளியிட்டார். அந்தச் சாயம் உடலுக்குள் சிதைந்து, ஸல்ஃபானிலமைட் என்ற பொருளாவதே குணத்திற்குக் காரணமென்று பிறகு தெரிந்தது. சாயப் பட்டறையிலிருந்து சஞ்சீவி பிறந்ததென்று உலகம் வியந்தது. அதைக் குழந்தைகளுக்கும் ஏற்ற பாகாக்க எண்ணிய அமெரிக்கக் கம்பெனியொன்று, 1937-ல் டைஎதிலீன் கிளைக்காலில் கரைத்து விற்றது. நூறு பேருக்கு மேல் இறந்தனர். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், மருந்து விற்குமுன் அதன் தீங்கைச் சோதிக்க வேண்டுமென்ற விதியே இல்லை. 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டால் அதில் சாராயம் கலந்திருக்க வேண்டும். இதில் அது இல்லை. ஆகையால் பெயர் பொய் என்ற ஒரே குற்றத்தின் மேல்தான் அக்கம்பெனியைப் பிடிக்க முடிந்தது! நூறு உயிர் போனதற்குச் சட்டத்தில் விதி இல்லை. ஒரு சொல் பிழையானதற்கு இருந்தது. வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு இது வியப்பாயிராது. மறு வருஷமே அமெரிக்கா புதுச் சட்டம் செய்துகொண்டது. இந்தியாவிலும் 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தும் சாவு நின்றதா? 1972-ல் சென்னையிலேயே 14 குழந்தைகள் இதே நஞ்சினால் இறந்தன. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரின் என்று கொடுக்கப்பட்ட திரவத்தினால் 14 நோயாளிகள் மாண்டனர். நீதிபதி லென்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்து, மருந்து வாங்குவதிலும் சோதிப்பதிலும் இருந்த ஊழல்களை விரிவாக அம்பலப்படுத்திற்று. 1998-ல் குர்காவ் பக்கத்தில் முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள். 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவைச் சேர்ந்த ராம்நகரில் பத்துக்கு மேற்பட்டவை. 2022-ல் ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா தேசத்தில் ஏறக்குறைய 70 குழந்தைகள் இறந்தபோது, ஹரியானாவில் தயாரான பாகுகளின் மேல் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கை விடுத்தது. அதே வருஷக் கடைசியில் உஸ்பெகிஸ்தானத்திலும் அவ்வாறே. ஒவ்வொரு தடவையும் கமிஷன், கைது, கண்டனம், பிறகு மௌனம்.

காம்பியா சம்பவத்திற்குப் பின் மத்திய சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. 2023 ஜூன் முதல் தேதியிலிருந்து, இருமல் பாகு எதுவாயினும் அந்நிய நாட்டுக்கு ஏற்றுமதியாகுமுன் சர்க்கார் பரிசோதனைச் சாலையிலோ, சர்க்கார் குறிப்பிட்ட சாலையிலோ சோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென்று உத்தரவாயிற்று. நல்லது, மனமார வரவேற்கிறோம். ஆனால் நேயர்களே, அந்த உத்தரவை இன்னொரு முறை ஊன்றிப் படித்துப் பாருங்கள். 'ஏற்றுமதியாகுமுன்' என்றல்லவா இருக்கிறது? காம்பியாக் குழந்தைக்குப் போகும் புட்டிக்கு ஒரு காவற்காரன். பராசியாக் குழந்தைக்குப் போன புட்டிக்கு அவன் இல்லை. அந்நியர் கேட்டால் நாம் சோதிப்போம். நம்மவர் இறந்தால் விசாரிப்போம் என்பது என்ன நீதி? அடிமைத்தனம் போய் எழுபத்தெட்டு வருஷமான பின்னும், சிறந்த சரக்கைக் கப்பலுக்கு அனுப்பிக் கழிவை உள்ளூர்ச் சந்தைக்குத் தள்ளும் பழைய புத்தி நம்மை விட்டுப் போகவில்லையே!

தயாரிப்பவன் மூலப் பொருளைச் சோதிக்க வேண்டுமென்ற விதி முன்பே இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். இருக்கிறது. 2025 அக்டோபர் 7-ஆம் தேதி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, ஒவ்வோர் ஈட்டையும் மூலப்பொருளிலும் தயாரித்த சரக்கிலும் சோதித்தாக வேண்டுமென்று எல்லா ராஜ்யங்களுக்கும் மறுபடி எழுதினார். விதி இல்லாமையால் அல்ல, விதியைச் செய்து முடித்ததாகத் தயாரிப்பவன் தானே கையெழுத்திட்டுக் கொள்வதால் வந்த வினை இது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருப்பதை எந்தக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும்?

சோதனை என்றால் ஏதோ மந்திர வேலையென்று நினைக்கலாகாது. சிலிக்கா பூசிய ஒரு சிறு தகட்டில் ஒரு துளி வைத்து, அதைத் திரவத்தில் நிறுத்தினால், ஒவ்வொரு பொருளும் தன் தன் உயரத்திற்கு ஏறி நிற்கும். சாயம் தெளித்தால் நஞ்சு தனியே புள்ளியாகத் தோன்றும். மடித்த துணியில் சாயம் எவ்வளவு தூரம் ஊறி ஏறுகிறதென்று பார்த்தறிந்த நம் சாயக்காரர்களுக்கு இந்தத் தத்துவத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. எத்தனை பங்கு நஞ்சு என்று துல்லியமாக அளக்க வேண்டுமானால், ஆவியாக்கிப் பிரித்தறியும் காஸ் குரோமடோகிராப் யந்திரம் இருக்கிறது. பீப்பாயண்டை கொண்டுபோய் ஒளியைப் பாய்ச்சி உள்ளிருக்கும் சரக்கு இன்னதென்று சொல்லும் கைக்கருவிகளும் இப்போது வந்துவிட்டன. நூல் சிட்டத்தை நம்பர் பாராமலும், சாயத்தை நனைத்துப் பாராமலும் பாவு ஓட்டுகிற நெசவாளி பொதட்டூர்பேட்டையில் உண்டா? கெட்டால் ஒரு சேலைதானே கெடும் என்று அவன் அலட்சியமாக இருப்பதில்லை.

2023 ஆகஸ்டு முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளின் மேல் டெலிபோனால் படிக்கும் க்யூஆர் கட்டம் அச்சிடப்படுகிறது. நல்ல ஏற்பாடே. ஆனால் புட்டி எங்கே பிறந்தது, எப்போது காலாவதியாகும் என்பதை அந்தக் கட்டம் சொல்லும். உள்ளே இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது.

இனி, சிறு கம்பெனிகளின் வாதத்தைக் கேட்போம். மருந்துத் தொழிற்சாலைகள் எப்படி நடக்க வேண்டுமென்பதைக் கூறும் 'எம்' அட்டவணை, 2023 டிசம்பரில் திருத்திக் கடுமையாக்கப்பட்டது. வருஷத்திற்கு 250 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வியாபாரமுள்ள கம்பெனிகள் தங்களால் இயலாதென்று முறையிட்டு, 2025 டிசம்பர் 31 வரையில் தவணை பெற்றன. அந்தத் தவணை ஓடிக்கொண்டிருந்த மாதங்களிலேதான் எஸ்.ஆர்.-13 தயாராயிற்று. கடும் விதிகளால் சிறு சுதேசித் தொழில் நசித்து, எல்லாம் பெருமுதலாளிகள் வசமாய்விடும் என்ற அச்சம் வீணென்று தள்ளத்தக்கதன்று. சிறு தொழிலின் பக்கம் நிற்பதை நாமும் கடமையாகக் கொண்டவர்களே. ஆயினும் தறியை எடுத்துக்கொள்ளுங்கள். தனி நெசவாளியால் வாங்க முடியாத நூலையும் தேட முடியாத சந்தையையும் கூட்டுறவுச் சங்கம் தேடிக் கொடுக்கவில்லையா? பத்துச் சிறு கம்பெனிகள் சேர்ந்து ஒரு பரிசோதனைச் சாலை வைப்பதற்கும், அதற்குச் சர்க்கார் பாதி முதல் போடுவதற்கும் என்ன தடை? சோதனைக்கு வழியில்லாதவன் துணி நெய்யட்டும், சோப்பு செய்யட்டும். குழந்தைக்கு மருந்து காய்ச்ச அவனுக்கு உரிமை கிடையாது. சுதேசி என்ற சொல் மட்டரகத்துக்கு மறைப்பாக உதவுமானால், ராய் போன்றவர்கள் பட்ட பாடெல்லாம் எதற்கு?

ஈடுதோறும் சோதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதென்பாருக்கு நமது ராஜ்யத்திலேயே பதில் இருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதற்காக 1994-ல் ஸ்தாபிக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வந்து சேரும் ஒவ்வோர் ஈட்டிலும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்துக் குறியீடு மட்டும் இட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, தேறிய பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு விநியோகிக்கிறது. பிற ராஜ்யங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. ஆகவே மூன்று வகைப் புட்டிகள் இந்நாட்டில் இருக்கின்றன. கப்பலேறும் புட்டிக்குச் சோதனை உண்டு. தர்ம ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் புட்டிக்குச் சோதனை உண்டு. கூலியை மிச்சம் பிடித்து, கடைவீதியில் காசு கொடுத்து வாங்கும் புட்டிக்குத் தயாரித்தவனுடைய வாக்கைத் தவிர வேறு காவல் இல்லை.

எல்லைப்புறத்தாராகிய நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 1960-ல் திருத்தணி தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு அப்பால் நகரி, இப்பால் நாம். ஆட்கள், நூல், சேலை, காய்கறி, மருந்து யாவும் நாள்தோறும் கோட்டைத் தாண்டுகின்றன. மருந்து ஆய்வாளரின் அதிகாரம் மாத்திரம் தாண்டுவதில்லை. லைசென்ஸ் கொடுப்பது ஒரு ராஜ்யம், விற்பது வேறு ராஜ்யம், சாவது அங்குள்ள குழந்தை. சுங்குவார்சத்திர விஷயத்தில் மத்திய சர்க்கார் ராஜ்ய சர்க்காரையும், ராஜ்ய சர்க்கார் மத்திய சர்க்காரையும் குறை கூறியதை நாடு கேட்டது. எந்த ராஜ்யத்தில் எந்த ஈடு தேறாமற் போயிற்று என்ற பட்டியல், அன்றைக்கன்றே எல்லா ராஜ்யத்து ஆய்வாளருக்கும், கடைக்காரருக்கும், ஜனங்களுக்கும் அவரவர் பாஷையில் எட்ட வேண்டும்.

தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை. கலப்பட மருந்தினால் மரணம் நேர்ந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரையில் விதிக்கலாமென்று 2008-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஏட்டில் கடுமைக்குக் குறைவில்லை. ஆனால் எடுத்த மாதிரியைப் பங்கிட்டு முத்திரையிட்டது முறைப்படியா, சர்க்கார் நிபுணரின் முடிவை மறுக்கக் குற்றவாளிக்குள்ள 28 நாள் தவணை காக்கப்பட்டதா, கல்கத்தாவிலுள்ள மத்தியப் பரிசோதனைச் சாலைக்கு மருந்து காலாவதியாகுமுன் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விகளிலேயே இவ்வகை வழக்குகள் உருண்டு தேய்ந்து விழுவதைக் கோர்ட்டு வராந்தாவில் நின்றவர் எவரும் அறிவர். குற்றவாளிக்கு அந்தப் பாதுகாப்புகள் கூடாதென்று நாம் சொல்ல மாட்டோம். அவை இல்லாத சட்டம் சட்டமாகாது. மாதிரியைச் சரிவர எடுக்கவும், காலத்தில் அனுப்பவும் ஆளும் சாலையும் போதிய அளவில் இல்லாததே குறை.

இதற்கிடையில், நம் ஊர்த் தாய்மார்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷப் பாகுகளைக் கொடுக்கவே கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக அவை வேண்டியதில்லையென்றும் மத்திய சுகாதார இலாகா 2025 அக்டோபர் 3-ஆம் தேதி அறிவுறுத்தியிருக்கிறது. கோல்ட்ரிஃப்பில் சேர்ந்திருந்த குளோர்ஃபெனிரமின், ஃபெனிலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கலாகாதென்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு உண்டு. சளியும் இருமலும் பெரும்பாலும் தாமே தணிபவை. குழந்தைக்கு மருந்து கொடுத்த பின் நீர் பிரிவது குறைந்தாலோ நின்றாலோ, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பில் இல்லாமல் மருந்து வாங்குவதும் விற்பதும் நிற்க வேண்டும். ஈட்டு எண் எழுதாத பில் பில்லே அல்ல.

நமது தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் அடுத்த கூட்டத்திலேயே சர்க்காரை இவற்றைக் கேட்கக் கோருகிறோம். தமிழ்நாட்டில் திரவ மருந்து தயாரிக்க லைசென்ஸ் பெற்றுள்ள கம்பெனிகள் எத்தனை. அவற்றுள் எத்தனைக்குச் சொந்தமாகக் காஸ் குரோமடோகிராப் இருக்கிறது. 2025 அக்டோபருக்குப் பின் எத்தனை கம்பெனிகளில் ஆய்வு நடந்தது. மருந்து ஆய்வாளர் பதவிகளில் காலியானவை எத்தனை. ஏற்றுமதிப் பாகுக்குள்ள சர்க்கார் சான்றிதழைக் கடைவீதிப் பாகுக்கும் கட்டாயமாக்க நமது ராஜ்யம் மத்திய சர்க்காருக்கு எழுதிற்றா, இல்லையா? விடை வந்த அன்றே, அதை எழுத்துப் பிசகாமல் இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.